புரோட்டான் மிகுந்த அணுக்கருவின் நிறையைக் கணிப்பது எப்படி: கண்ணாடி இணையிலிருந்து தொடங்குங்கள்

இதுவரை யாரும் அளக்காத ஒரு அணுக்கருவின் நிறை தேவைப்பட்டால், பெரும்பாலானவர்கள் ஏதாவது ஒரு பெரிய நிறை மாதிரியின் அட்டவணையைத் திறந்து அதில் இருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்கிறார்கள். நியூட்ரான் மிகுந்த பக்கத்தில் வேறு வழி அதிகம் இல்லை, அதனால் மன்னித்துவிடலாம். புரோட்டான் மிகுந்த பக்கத்தில் அது சோம்பேறித்தனம்தான். அங்கே நமக்கு ஒரு பெரிய சலுகை இருக்கிறது: நீங்கள் தேடும் அணுக்கருவின் புரோட்டான் எண்ணிக்கையையும் நியூட்ரான் எண்ணிக்கையையும் இடம் மாற்றிப் போட்டால் கிடைக்கிற அணுக்கரு, அதாவது அதன் கண்ணாடி இணை, பெரும்பாலும் ஏற்கெனவே துல்லியமாக அளக்கப்பட்டிருக்கும்.

கால்சியம்-36ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 20 புரோட்டான், 16 நியூட்ரான், கண நேரத்தில் சிதைந்துவிடும். திருப்பிப் போட்டால் கந்தகம்-36: 16 புரோட்டான், 20 நியூட்ரான், நிலையான அணுக்கரு, நிறை ஒரு கிலோ எலக்ட்ரான் வோல்ட்டை விடக் குறைவான பிழையில் தெரியும். வலுவான விசை புரோட்டானையும் நியூட்ரானையும் ஏறக்குறைய ஒன்றாகவே நடத்துகிறது. அப்படியானால் இந்த இரண்டுக்கும் இடையிலான வித்தியாசம் முக்கால்வாசிக்கு மேல் மின் விலக்கத்தால், அதாவது கூலோம் ஆற்றலால் வருவது. அதனால் முதல் விதி: நிறையைக் கணிக்காதீர்கள், வித்தியாசத்தைக் கணியுங்கள். ஷெல் அமைப்பு (புரோட்டானும் நியூட்ரானும் அடுக்கடுக்காக நிரம்புவது), உருத்திரிபு (அணுக்கரு கோள வடிவிலிருந்து விலகுவது), இணைசேர்வு (இரண்டிரண்டாக ஜோடி சேர்வது) என்று தலைவலி தரும் எல்லாமே கண்ணாடி இணையின் அளக்கப்பட்ட நிறைக்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு சூப்பர் கம்ப்யூட்டர் எதுவும் வேண்டாம். ஒரு எக்செல் தாளும் பொறுமையும் போதும்.

தரவைச் சுத்தம் செய்வது

ஏஎம்இ 2020 என்ற அணு நிறை மதிப்பீட்டின் கோப்பை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் ஒவ்வொரு அணுவுக்கும் நிறை மிகை கேஇவி, அதாவது கிலோ எலக்ட்ரான் வோல்ட் அலகில் இருக்கும் (ஆயிரம் கேஇவி ஒரு எம்இவி, இனி இந்தச் சுருக்கங்களையே பயன்படுத்துகிறேன்). நிறை மிகை என்பது அணுவின் நிறையிலிருந்து நிறை எண் மடங்கு அணு நிறை அலகைக் கழித்தால் மிஞ்சுவது. ஒரே நிறை எண் உள்ள அணுக்களை ஒப்பிடும்போது அந்தப் பெரிய பகுதி தானாக அடிபட்டுப் போவதால் இதை வைத்து வேலை செய்வது எளிது.

ஒரு பொறி இங்கேயே இருக்கிறது. சில எண்களில் தசமப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் # குறி இருக்கும். அவை அளக்கப்பட்டவை அல்ல, அக்கம்பக்கப் போக்கிலிருந்து மதிப்பீட்டாளர்கள் ஊகித்தவை. கோப்பைப் படிக்க நிரல் எழுதும் பலர், பிழைச் செய்தி வராமல் இருக்க அந்தக் குறியைப் புள்ளியாக மாற்றிவிட்டு மறந்துவிடுகிறார்கள், அப்புறம் ஊகத்தையே ஆதாரமாக வைத்து இன்னொரு ஊகம் செய்து அது அழகாகப் பொருந்துகிறது என்று மகிழ்கிறார்கள். குறியை மாற்றுங்கள், ஆனால் பக்கத்தில் 'ஊகம்' என்று ஒரு தனி நெடுவரிசை வைத்துவிட்டு மாற்றுங்கள்.

இன்னொன்று: அட்டவணையில் இருப்பது முழு அணுவின் நிறை, எலக்ட்ரான்களும் சேர்த்து. ஆகவே ஒரு புரோட்டானைப் பிரித்துக் கணக்குப் போடும்போது வெறும் புரோட்டானின் நிறையைப் போடாமல் ஹைட்ரஜன் அணுவினுடையதைப் போட வேண்டும். ஹைட்ரஜனின் நிறை மிகை 7.289 எம்இவி, நியூட்ரானுடையது 8.071. இரண்டுக்கும் உள்ள 0.782 வித்தியாசம் அடிக்கடி தலைகாட்டும்.

கெல்சன்–கார்வி கூட்டல்

1966இல் கெல்சனும் கார்வியும் சொன்ன உறவு இது. நான் யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் முதலில் இதைத்தான் செய்யச் சொல்வேன், ஏனென்றால் இதில் சரிக்கட்டுவதற்கு ஒரு மாறிலி கூடக் கிடையாது. புரோட்டான் மிகுந்த அணுவுக்கும் அதன் கண்ணாடி இணைக்கும் உள்ள நிறை வித்தியாசம், பக்கத்தில் இருக்கும் 'ஒன்று மட்டும் வேறுபடும்' கண்ணாடி இணைகளின் வித்தியாசங்களைக் கூட்டினால் கிடைக்கும். இங்கே ஒன்று மட்டும் வேறுபடுவது என்றால் புரோட்டான் எண்ணிக்கையும் நியூட்ரான் எண்ணிக்கையும் ஒன்றே ஒன்றால் மட்டும் மாறுவது. குளோரின்-33, கந்தகம்-33 மாதிரி. இவற்றை இனி ஒற்றை இணைகள் என்கிறேன்.

எத்தனை இணைகளைக் கூட்ட வேண்டும்? உங்கள் அணுவில் நியூட்ரானை விட எத்தனை புரோட்டான் அதிகமோ அத்தனை. அவற்றின் நிறை எண்கள் உங்கள் நிறை எண்ணை நடுவில் வைத்து இரண்டு இரண்டாகத் தள்ளி நிற்கும். இரண்டு புரோட்டான் அதிகமென்றால் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஒன்று. நான்கு அதிகமென்றால் பக்கத்துக்கு இரண்டு.

கால்சியம்-36இல் நான்கு புரோட்டான் அதிகம். அதனால் நிறை எண் 33, 35, 37, 39 ஆகிய இணைகள் வேண்டும்:

குளோரின்-33 − கந்தகம்-33 = 5.583
ஆர்கான்-35 − குளோரின்-35 = 5.966
பொட்டாசியம்-37 − ஆர்கான்-37 = 6.148
கால்சியம்-39 − பொட்டாசியம்-39 = 6.525

கூட்டினால் 24.22 எம்இவி. கந்தகம்-36இன் நிறை மிகை −30.664. ஆகவே கால்சியம்-36க்கு −6.44 எம்இவி என்று வருகிறது. பென்னிங் பொறியில் (மின், காந்தப் புலங்களால் அயனியைப் பிடித்து வைத்து நிறையை அளக்கும் கருவி) அளந்த மதிப்பு −6.48. அதாவது நிலைப்புத்தன்மையிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளி, நான்கு எண்களை மட்டும் கூட்டி, 40 கேஇவிக்குள் வந்து நிற்கிறோம். பெரிய உலகளாவிய மாதிரிகளின் சராசரிப் பிழை இதைப் போலப் பல மடங்கு.

ஒரே ஒரு உதாரணத்தை வைத்து நம்பிவிடக் கூடாது, நானே பொருந்துவதாகப் பார்த்து எடுத்திருக்கலாம். இரண்டு புரோட்டான் அதிகமாக இருக்கும், நிறை தெரிந்த இரட்டைப்படை அணுக்களை வரிசையாக ஓட்டிப் பாருங்கள். கணிப்பிலிருந்து அளவைக் கழித்தால் கேஇவியில் இப்படி வரும்: நியான்-18க்கு −100, மெக்னீசியம்-22க்கு −22, சிலிக்கான்-26க்கு +16, கந்தகம்-30க்கு −34, ஆர்கான்-34க்கு −5, கால்சியம்-38க்கு +15. முதலாவதை விட்டால் மற்ற ஐந்துக்கும் சராசரி வர்க்கமூலப் பிழை 20 கேஇவி அளவுதான்.

ஆனால் அந்த முதலாவதை விட்டுவிடாதீர்கள், கற்றுக்கொள்ள வேண்டியது அங்கேதான் இருக்கிறது. நியான்-18 என்பது 8 என்ற மூடிய ஷெல்லுக்கு வெளியே இரண்டு புரோட்டான்கள். அதே வகையில் 20 என்ற ஷெல்லுக்கு வெளியே இரண்டு புரோட்டான் கொண்டது டைட்டானியம்-42. அதற்கும் கணக்குப் போட்டால் மறுபடி எதிர்க்குறியோடு சுமார் 70 கேஇவி விலகல். இரண்டு இடத்திலும் உண்மையான அணு கணிப்பை விடச் சற்றுக் கனமாக இருக்கிறது. ஷெல் மூடிய உடனே வரும் அந்த முதல் புரோட்டான் ஜோடி நெருக்கமாகச் சேர்ந்து நிற்கிறது, நெருங்கினால் மின் விலக்கம் கூடும், அந்தக் கூடுதலை அக்கம்பக்கத்து ஒற்றை இணைகளின் கூட்டல் முழுதாகப் பிடிப்பதில்லை. ஆகவே மூடிய ஷெல்லைத் தாண்டிய உடனே இருக்கும் அணுவைக் கணிக்கும்போது 20 கேஇவி பிழை என்று எழுதிக் கொடுக்காதீர்கள். நான்கு மடங்கு வையுங்கள்.

ஒற்றை இணைகளே தெரியாதபோது

கெல்சன்–கார்வி முறைக்குத் தீனி அந்த ஒற்றை இணைகள்தான். கனமான பக்கம் போகப்போக, நிறை எண் 70ஐ நெருங்கும் இடத்தில், அவையே கிடைக்காமல் போகின்றன, சில இடங்களில் ஒற்றை இணையே புரோட்டானைப் பிடித்து வைக்க முடியாமல் உதிர்ந்துவிடுகிறது. அப்போது முதலில் அந்த இணையின் வித்தியாசத்தை வளைகோடு வரைந்து நீட்டிக்க வேண்டும்.

இங்கே அவசரப்பட்டு ஒரு நேர்கோடு போட்டுவிடாதீர்கள். மேலே கொடுத்த நான்கு எண்களையே மறுபடி பாருங்கள்: 5.583இலிருந்து 5.966க்கு 0.383 ஏறுகிறது, அடுத்தது 0.182 மட்டும், அதற்கடுத்தது மறுபடி 0.377. ஒரு படி பெரிது, ஒரு படி சிறிது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதுதான். குளோரினிலிருந்து ஆர்கானுக்குப் போகும்போது ஒற்றையாக நிற்கும் புரோட்டானுக்கு ஜோடி கிடைக்கிறது, ஜோடி சேர்ந்தவை நெருங்கி இருப்பதால் விலக்கம் கூடுதல். ஆர்கானிலிருந்து பொட்டாசியத்துக்குப் போகும்போது புதிதாக ஒன்று தனியாக வந்து நிற்கிறது, அதனால் குறைவு. ஆகவே இரட்டைப்படைப் புரோட்டான் வரிசைக்குத் தனிக் கோடு, ஒற்றைப்படைக்குத் தனிக் கோடு போடுங்கள்.

அடுத்ததையும் சேர்த்துப் பாருங்கள். ஸ்காண்டியம்-41க்கும் கால்சியம்-41க்கும் உள்ள வித்தியாசம் 6.495. கூட வேண்டியது குறைந்துவிட்டது! 20இல் ஷெல் மூடி, அடுத்த புரோட்டான் இன்னும் பரந்த சுற்றுப்பாதைக்குப் போகிறது, தூரம் கூடினால் விலக்கம் குறையும். 15க்கும் 17க்கும் இடையிலும் இதே கதை: 2.754இலிருந்து 2.761, நகர்ந்ததே தெரியாது. ஷெல்லுக்கு ஷெல் கோட்டைத் துண்டித்துப் போடுவதைத் தவிர வேறு வழி இல்லை. துண்டில் நான்கைந்து புள்ளிகளாவது இருந்தால் நம்பலாம், இரண்டே புள்ளி இருந்தால் அது கோடு இல்லை, ஆசை.

பாடப்புத்தகத்தில் வரும் சீரான மின்னூட்டக் கோளத்தின் சூத்திரத்தை வைத்து இதை நேரடியாகக் கணக்கிடலாமே என்று தோன்றும். நிறை எண் 22க்கு ஆர மாறிலியை 1.2 பெர்மி என்று வைத்துக் கணக்குப் போட்டு, மேலே சொன்ன 0.782ஐக் கழித்தால், புரோட்டான் ஒன்று மாறுவதற்கான ஆற்றல் 4.6 எம்இவி வருகிறது, உண்மையில் அது 3.8. போக்கைப் புரிந்துகொள்ள அந்தச் சூத்திரம் போதும், கணிப்புக்குப் போதாது. சரியான ஆரங்களைக் கொண்டு நுணுக்கமாகக் கணக்கிட்டால் கூட முழுதாக ஒத்துவருவதில்லை, கணக்கு சில சதவீதம் குறைவாகவே வரும் என்பதை 1969இலேயே நோலனும் ஷிஃபரும் எடுத்துக்காட்டிவிட்டார்கள். அந்தக் குறையை ஈடுகட்ட, ஸ்கிர்ம் வகை விசையை (அணுக்கரு விசைக்கான ஓர் எளிய மாதிரி) வைத்து இந்த வித்தியாசங்களைக் கணக்கிடுபவர்கள் மின்னூட்டச் சமச்சீரை (வலுவான விசை புரோட்டானையும் நியூட்ரானையும் ஒன்றாக நடத்துவதை) உடைக்கும் ஒரு சிறு உறுப்பைச் சேர்த்துக்கொள்கிறார்கள், அதன் பிறகு 100 கேஇவி அளவில் பிழை வருகிறது. கெல்சன்–கார்விக்குத் தீனி தீர்ந்த இடத்தில் நான் போவது அந்தப் பக்கம்தான்.

இருபடிச் சமன்பாடு: ஐஎம்எம்இ

ஒரே நிறை எண் உள்ள ஒரு குடும்பத்தில், ஒரே அமைப்பு வெவ்வேறு புரோட்டான்–நியூட்ரான் கலவையில் திரும்பத் திரும்ப வரும். நியான்-22இன் தாழ்நிலை (ஆற்றல் மிகக் குறைந்த நிலை), சோடியம்-22இல் ஒரு கிளர்ந்த நிலையாகவும், மெக்னீசியம்-22இல் மறுபடி தாழ்நிலையாகவும் வருகிறது. இவற்றின் நிறை ஒரு இருபடிக் கோவையில் உட்காரும் என்று 1957இல் விக்னர் சொன்னார், ஐஎம்எம்இ (isobaric multiplet mass equation) என்பது இதுதான்:

நிறை = ஏ + பி × டிஇசட் + சி × டிஇசட்²

டிஇசட் என்பது நியூட்ரான் எண்ணிக்கையிலிருந்து புரோட்டான் எண்ணிக்கையைக் கழித்து இரண்டால் வகுத்தது. நியான்-22க்கு +1, சோடியத்துக்கு 0, மெக்னீசியத்துக்கு −1.

மூன்று உறுப்பினர், மூன்று கெழுக்கள். அப்படியானால் மூன்றையும் அளந்த பிறகுதான் கெழுக்கள் கிடைக்கும், கணிக்க என்ன மிச்சம் என்று கேட்பீர்கள். சூட்சுமம் சி கெழுவில் இருக்கிறது. அது சிறியது, மெதுவாக மாறுவது, அக்கம்பக்கத்திலிருந்து எடுத்து வைக்கலாம். மெக்னீசியம்-22 தெரியாது என்று வைத்துக்கொண்டு செய்து பார்ப்போம். நியான்-22 −8.025. சோடியம்-22இன் தாழ்நிலை −5.182, ஆனால் நமக்கு வேண்டிய இணையான நிலை அதற்கு 0.657 மேலே, ஆகவே −4.525. சி கெழு நிறை எண் 18 குடும்பத்தில் 0.353, 26இல் 0.304, நடுவில் 0.328 என்று வைப்போம். சோடியம் நிலையை இரட்டித்து, சி கெழுவை இரட்டித்துக் கூட்டி, நியானைக் கழித்தால் −0.37 வருகிறது. அளக்கப்பட்டது −0.400. பிழை 30 கேஇவி சொச்சம்.

நடுவில் ஏன் 20ஐயும் 24ஐயும் எடுக்காமல் 18க்கும் 26க்கும் தாவினேன் என்பதைக் கவனியுங்கள். நிறை எண் நான்கால் வகுபடும் குடும்பங்களில் சி கெழு 0.2க்கும் கீழே கிடக்கிறது. இரண்டு வகையையும் கலந்து சராசரி எடுத்தால் கணிப்பு 100 கேஇவிக்கு மேல் தள்ளிப்போகும். வகையோடு வகையை மட்டும் சேருங்கள்.

இந்த முறையில் அதிகம் சறுக்கும் இடம் அந்த இணையான நிலையை அடையாளம் காண்பதுதான். சோடியம்-22, அலுமினியம்-26 இரண்டிலும் தாழ்நிலை இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. அலுமினியம்-26இல் வேண்டிய நிலை 0.228 மேலே இருக்கும் ஐசோமர், அதாவது சிறிது நேரம் நீடிக்கும் கிளர்ந்த நிலை. ஸ்காண்டியம்-42, வனேடியம்-46, மாங்கனீஸ்-50 என்று மேலே போனால் தாழ்நிலையே குடும்ப உறுப்பினர், ஆனால் தாமிரம்-58இல் மறுபடி இல்லை. அட்டவணையிலிருந்து கண்ணை மூடிக்கொண்டு தாழ்நிலையை எடுத்தால் அரை எம்இவி காணாமல் போகும். ஸ்பின்னையும் ஐசோஸ்பின்னையும் (எந்தக் குடும்பம் என்று காட்டும் எண்) நிலை வரைபடத்தில் பார்த்த பிறகு எடுங்கள்.

எங்கே ஏமாற்றும்

கண்ணாடிச் சமச்சீர் முழுமையானது அல்ல, அது உடையும் இடங்கள் பெரும்பாலும் புரோட்டான் தளர்வாகப் பிடிபட்டிருக்கும் இடங்கள், அதாவது நீங்கள் கணிக்க விரும்பும் இடங்களே.

முதலாவது தாமஸ்–எர்மன் நகர்வு. கார்பன்-13இல் முதல் கிளர்ந்த நிலை 3.089 எம்இவியில் இருக்கிறது. கண்ணாடி இணையான நைட்ரஜன்-13இல் அதே நிலை 2.365இல். முக்கால் எம்இவி இறக்கம். கோண உந்தம் இல்லாத சுற்றுப்பாதையில் இருக்கும் தளர்வான புரோட்டானுக்கு வெளியே போகாமல் தடுக்கும் சுவர் தாழ்வு, அதனால் அதன் அலைச்சார்பு வெளியே பரவுகிறது, பரவினால் மின் விலக்கம் குறைகிறது, ஆற்றல் இறங்குகிறது. நைட்ரஜன்-16, புளோரின்-16 இணையில் இது தாழ்நிலையின் வரிசையையே மாற்றிவிட்டது. உங்கள் அணுவில் கடைசிப் புரோட்டான் அந்த வகைச் சுற்றுப்பாதையில் கணிசமாக இருக்கும் என்று தோன்றினால், கணிப்பை விட உண்மை இன்னும் கட்டுண்டதாக இருக்கலாம் என்று ஒருபக்கப் பிழை வையுங்கள். இரண்டு பக்கமும் சமமாக வைப்பது இங்கே தவறு.

இரண்டாவது, தாழ்நிலைகளே வேறாக இருப்பது. ஸ்ட்ரான்சியம்-73க்கும் அதன் கண்ணாடி இணையான புரோமின்-73க்கும் தாழ்நிலையின் ஸ்பின் ஒன்றல்ல என்று 2020இல் தெரியவந்தது. மிக அருகருகே இரண்டு நிலைகள் இருக்கும் உருத்திரிந்த அணுக்களில் இப்படி நடக்கும். இதனால் வரும் பிழை பொதுவாகப் பெரிதல்ல, ஆனாலும் கண்ணாடி இணையின் கீழ்நிலைகள் நெருக்கமாக இருக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கணித்த நிறையை வைத்து என்ன செய்வது

பெரும்பாலும் நிறையே நேரடியாகத் தேவைப்படாது. புரோட்டான் பிரிப்பு ஆற்றல்தான் வேண்டும்: ஒரு புரோட்டான் குறைந்த அணுவின் நிறை மிகையோடு 7.289ஐக் கூட்டி, உங்கள் அணுவினுடையதைக் கழித்தால் வந்துவிடும். கால்சியம்-36க்குப் பொட்டாசியம்-35 −11.173, கணித்த −6.44ஐ வைத்தால் 2.56 எம்இவி. இது எதிர்க்குறியானால் அந்தப் புரோட்டான் ஒட்டாது, புரோட்டான் ஒட்டும் எல்லையான டிரிப் லைனைத் தாண்டிவிட்டீர்கள் என்று பொருள். தாண்டினால் உடனே உதிரும் என்றில்லை, மின் சுவர் சிறிது நேரம் பிடித்து வைக்கும். ஒரு புரோட்டானைக் கொடுக்க முடியாமல் இரண்டாகச் சேர்த்து உமிழும் விசித்திரமும் உண்டு, இரும்பு-45இல் 2002இல் அதைக் கண்டார்கள்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதை இங்கேதான் முடிவு செய்ய வேண்டும். நியூட்ரான் விண்மீன் மேற்பரப்பில் எக்ஸ்-கதிர் வெடிப்பு நடக்கும்போது புரோட்டான்கள் அடுத்தடுத்துச் சேர்ந்து கனமான அணுக்கள் உருவாகின்றன. ஜெர்மானியம்-64, செலினியம்-68, கிரிப்டான்-72 மாதிரி இடங்களில் ஓட்டம் தடைபட்டுக் காத்து நிற்கிறது, ஏனென்றால் அடுத்த புரோட்டான் ஒட்டுமா ஒட்டாதா என்ற எல்லையில் இருக்கிறது. 100 கோடி கெல்வின் வெப்பநிலையில் வெப்ப ஆற்றல் 86 கேஇவிதான். சமநிலையில் ஒட்டிய அணுக்களின் விகிதம் பிரிப்பு ஆற்றலை இந்த 86ஆல் வகுத்த அடுக்கின்படி மாறுகிறது. 100 கேஇவி பிழை என்றால் மூன்று மடங்குக்கு மேல், 300 கேஇவி என்றால் முப்பது மடங்குக்கு மேல். ஆர்சனிக்-65இன் பிரிப்பு ஆற்றல் −90, கூட்டியோ குறைத்தோ 85 கேஇவி என்று 2011இல் சீனாவின் லான்ஜோ சேமிப்பு வளையத்தில் (அயனிகளைச் சுற்றவிட்டு நிறையை அளக்கும் கருவி) அளந்தபோது ஏன் அவ்வளவு பேசப்பட்டது என்றால் இதனால்தான். அரை எம்இவி பிழையுள்ள மாதிரியை இந்தக் கணக்கில் போடுவது வேலைக்கு ஆகாது.

பெரிய மாதிரிகளையும் இயந்திரக் கற்றலையும் எங்கே வைப்பது

அவற்றை ஒதுக்கச் சொல்லவில்லை. எஃப்ஆர்டிஎம் 2012 என்ற உலகளாவிய மாதிரியின் சராசரி வர்க்கமூலப் பிழை சுமார் 0.56 எம்இவி, டபிள்யூஎஸ்4 மாதிரியில் சுமார் 0.3. ஆனால் ஒரு சின்ன உத்தி இருக்கிறது, இதைச் செய்யாமல் நேரடியாக எண்ணை எடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்: மாதிரியிலிருந்து நிறையை எடுக்காதீர்கள், கண்ணாடி இணைகளின் வித்தியாசத்தை மட்டும் எடுத்து, நியூட்ரான் மிகுந்த பக்கத்தின் அளக்கப்பட்ட நிறையோடு கூட்டுங்கள். மாதிரி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி செய்யும் தவறு அடிபட்டுப் போகும். மாதிரியைக் கட்டுபவர் கண்ணாடிச் சமச்சீரை உள்ளே வைத்திருந்தால் இன்னும் நல்லது.

நரம்பு வலையமைப்பையோ காஸியன் செயல்முறையையோ (Gaussian process) பயன்படுத்துவதாக இருந்தால் நிறையைக் கற்க விடாமல் மீதத்தைக் கற்க விடுங்கள், அதாவது அளவுக்கும் மேலே சொன்ன எளிய கணிப்புக்கும் உள்ள வித்தியாசத்தை. தரவு ஆயிரக்கணக்கில்தான் இருக்கிறது, லட்சக்கணக்கில் இல்லை. இயற்பியலை முதலிலேயே கையில் கொடுத்துவிட்டால் கற்க வேண்டியது கொஞ்சமாகிவிடும்.

சோதிப்பதில் ஏமாறாதீர்கள். தரவைத் தற்செயலாக 80-20 என்று பிரித்தால், மறைத்த ஒவ்வொரு அணுவுக்கும் நாலு பக்கமும் தெரிந்த அயலார் இருப்பார்கள், யார் வேண்டுமானாலும் ஜெயிக்கலாம். ஏஎம்இ 2003ஐ மட்டும் வைத்துக் கணித்துவிட்டு, அதன் பிறகு 2020க்குள் முதல்முறையாக அளக்கப்பட்டவற்றோடு ஒப்பிடுங்கள். அது வெளிநோக்கிய கணிப்பு, நீங்கள் உண்மையில் செய்யப்போவதும் அதுதான். அங்கே கிடைக்கிற பிழையைத்தான் உங்கள் கணிப்போடு சேர்த்துக் கொடுக்க வேண்டும். கெல்சன்–கார்வியை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, கணித்ததையே மறுபடி உள்ளீடாகப் போட்டிருந்தால், ஒவ்வொரு அடுக்குக்கும் பிழை வளரும். ஒரே இணை பல கணிப்புகளில் வருவதால் பிழைகள் ஒன்றோடொன்று பிணைந்தும் இருக்கும், அதை மறந்து தனித்தனியாகக் கூட்டினால் பிரிப்பு ஆற்றலின் பிழை தப்பாக வரும்.

கணிப்பும் அளவும் மோதினால்

சில நேரம் புதிய அளவு வந்து உங்கள் கணிப்போடு ஒத்துப்போகாது. உடனே கெழுக்களை மாற்றிப் பொருத்திவிடாதீர்கள். நிறை எண் 53 குடும்பத்தில் நடந்ததைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. 2012இல் லான்ஜோவில் நிக்கல்-53இன் நிறையை அளந்தார்கள். நான்கு உறுப்பினர்களையும் போட்டால் இருபடிக் கோவை பொருந்தவில்லை, முப்படி உறுப்பு ஒன்று 39 கேஇவி அளவுக்குத் தேவைப்பட்டது, பிழை 11 மட்டுமே. சமன்பாடு உடைந்துவிட்டது என்று பேச்சு கிளம்பியது. 2016இல் நிக்கல்-53 பீட்டா சிதைவுக்குப் பிறகு வரும் காமா கதிர்களைப் பார்த்தபோது, கோபால்ட்-53இல் இணையான நிலை என்று முன்பு நினைத்தது அது அல்ல, உண்மையானது பல பத்து கேஇவி கீழே இருக்கிறது என்று தெரிந்தது. அதைப் போட்டதும் முப்படி உறுப்பு பூஜ்ஜியத்தோடு ஒத்துப்போனது.

ஆகவே மோதல் வந்தால் பார்க்கும் வரிசை இது: முதலில் இணையான நிலையின் அடையாளம், அடுத்து அளவில் ஐசோமர் கலந்திருக்குமா என்பது, அப்புறம் உங்கள் உள்ளீட்டில் # குறியிட்ட எண் ஏதாவது நுழைந்திருக்கிறதா என்பது. இந்த மூன்றும் சுத்தமாக இருந்தும் விலகல் நின்றால், கடைசிப் புரோட்டானின் சுற்றுப்பாதையைப் பாருங்கள். மிக லேசான பக்கத்தில், நிறை எண் 9இல், இந்தச் சோதனைகள் எல்லாவற்றுக்கும் பிறகும் சில கேஇவி அளவுக்கு ஒரு முப்படி உறுப்பு அசையாமல் நிற்கிறது. அதை எந்தப் பொருத்தலும் கரைத்துவிடாது, கரைக்கவும் வேண்டாம்.